ஆளில்லாத வீதிகள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, "விடுதிச் சாப்பாடு, ஸ்டிரைக், கல்லூரித் தேர்தல் எல்லாம் மத்தவங்க எழுதிட்டாங்க சார். நீங்க சரித்திரத் துறை. ஏதாவது சரித்திரமா எழுதிக் கொடுங்க" என்றார்கள். சேர சோழ பாண்டியரை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். நான் எழுதப்போவதோ படப் புத்தகங்களைப் பற்றி. பழைய மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற தைரியம்தான். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு, அதிலும் எம்.ஏ. சரித்திரம் எடுத்திருப்பவர்களுக்கு, இதில் கொஞ்சம் விஷயமும் இருக்கிறது.

என் வகுப்புத் தோழர்களில் பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு யாரும் சாக்லேட் கொண்டுவருவதில்லை. எனக்குச் சர்க்கரை என்பது ஊருக்கே தெரியும். அதனால் புத்தகம். கனமான, வழவழப்பான தாளில் கறுப்பு வெள்ளைப் படங்கள் போட்ட புத்தகம். பாரிஸ், லண்டன், பிராக், இஸ்தான்புல் என்று என் அலமாரியில் ஒரு தட்டு நிறைந்துவிட்டது. காபி டேபிள் புத்தகம் என்று பெயர். எங்கள் வீட்டுக் காபி டேபிள் அதைத் தாங்காது.

எந்த ஊர்ப் புத்தகமானாலும் ஒரே ஜாடைதான். மழையில் நனைந்த கல் பாவிய தெரு. தூரத்தில் ஒரு விளக்குக் கம்பம். பாலத்தின் மேல் பனி மூட்டத்தில் ஒரு சிலை. மூடிக் கிடக்கும் ஒரு கடை. அழகுதான், சும்மா சொல்லக்கூடாது. நாம் பிறக்காத, போகாத ஒரு ஊரை நினைத்து நமக்கே ஏக்கம் வருகிறது. வேதியியல் துறைத் தோழர் ஒருவர் ஒருநாள் மாலை இந்தத் தட்டைக் குடைந்து நாலைந்து புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "ஏம்ப்பா, எல்லா ஊர்லயும் ஊரடங்கு போட்டிருக்கானா? ஒருத்தனையும் காணோமே!" என்றார்.

அவர் விளையாட்டாகக் கேட்டார். ஆனால் சரித்திரம் படித்தவன் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான். 1850 வாக்கிலேயே பாரிஸில் பத்து லட்சம் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

இந்தக் காணாமல் போதல் புகைப்படக் கலையோடு கூடவே பிறந்தது. 1838-இல் பாரிஸில் டகேர் என்பவர் வெள்ளி பூசிய தாமிரத் தகட்டில் ஒரு வீதியைப் படமெடுத்தார். புல்வார் து தாம்ப்ள் என்ற அந்த வீதி வண்டியும் ஜனமும் நெரியும் இடம். படத்தில் வீதி வெறிச்சென்று கிடக்கிறது. தகட்டில் உருவம் பதியப் பல நிமிஷம் பிடித்தது. நடந்தவர், ஓடியவர், வண்டி ஓட்டியவர் யாருமே பதியவில்லை. ஓரத்தில் ஒரே ஒருவர் மட்டும் தெரிகிறார். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்றதால் அவர் தப்பினார். பாலிஷ் போட்டவர் மங்கலாகத் தெரிகிறார். வேலை செய்பவன் அசையாமல் இருக்க முடியுமா? தந்தி கண்டுபிடித்த மோர்ஸ் 1839-இல் பாரிஸுக்குப் போனபோது இந்தப் படத்தைப் பார்த்து, ஜனம் நெரியும் தெரு இப்படி ஆளரவமற்றுத் தெரிகிறதே என்று வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார்.

சரி, அது அந்தக் காலத்துக் கருவியின் குறை. 1880-களில் உலர் தகடுகள் பரவியபின் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் படமெடுக்க முடிந்தது. அதற்கப்புறமும் நகரப் புத்தகங்களில் தெரு காலியாகவே கிடப்பானேன்? இங்கேதான் கருவியை விட்டுவிட்டு, படத்துக்குக் காசு கொடுத்தது யார் என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

பாரிஸையே எடுத்துக்கொள்வோம். 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் அந்த நகரத்தை நிர்வகித்தார். சந்து பொந்தெல்லாம் இடித்து அகலமான நேர் வீதிகள் போட்டவர். இன்று சுற்றுலாப் பயணிகள் பார்த்து மயங்கும் பாரிஸ் பெரும்பாலும் அவர் போட்டது. இடிக்கப்போகும் தெருக்களை முன்கூட்டியே படமெடுத்து வைக்கும் வேலை ஷார்ல் மார்வில் என்பவருக்கு வந்தது. 1862-இல் அவர் நகரத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். பழைய தெருக்களை மட்டும் 425-க்கு மேற்பட்ட படங்களாக எடுத்தார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, அங்கேயே கழுவவேண்டிய முறை அது. நடுத்தெருச் சாக்கடையில் ஓடும் நீர் பளபளக்கும், கல்லும் சுவரும் துல்லியமாகத் தெரியும். இன்று புத்தகத்தில் அந்தப் படங்களுக்குக் கீழே 'மறைந்துபோன பழைய பாரிஸ்' என்ற தோரணையில் உருக்கமாக நாலு வரி எழுதுகிறார்கள். எடுத்த காலத்தில் அவை சர்க்கார் கோப்பு. அந்த வீடுகளில் வாடகைக்கு இருந்த ஏழைகள் பெல்வில் போன்ற ஓரப் பகுதிகளுக்குத் தள்ளப்பட்டார்கள். கோப்பில் கட்டிடத்துக்கு இடம் உண்டு, வாடகைக்காரனுக்கு இல்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இது இன்னும் அப்பட்டம். அங்கே 'க்ளோஸ்' என்றால் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே போகும் முடுக்கு. வெயில் இறங்காது; காற்று நுழையாது; காலராவும் டைபஸும் நுழையும். 1866-இல் நகரச் சீரமைப்புச் சட்டம் வந்தது. அந்த முடுக்குகளை வாங்கி இடிக்க அமைத்த அறக்கட்டளைதான் தாமஸ் அன்னனைப் படமெடுக்கச் சொன்னது. 1868 முதல் 1871 வரை அவர் எடுத்த படங்களில் நல்லவேளையாக ஆட்கள் இருக்கிறார்கள். முடுக்கின் கோடியில் நாலு பிள்ளைகள் நிற்பார்கள். ஒன்று அசைந்திருக்கும், முகம் புகையாகத் தெரியும். மேலே குறுக்கே கட்டிய கழியில் துணி காயும். எத்தனை பேர், என்ன பெயர், இடித்தபின் எங்கே போனார்கள் என்று படம் சொல்லவில்லை. 1878-இல் கிளாஸ்கோ நகர வங்கி திவாலானபின் சீரமைப்பு வேலையும் முடங்கியது. வீடு போனது போனதுதான். 1900-இல் அதே படங்கள் உயர்ந்த அச்சில் அழகான புத்தகமாக வந்தன. சாக்கடை முடுக்கு முப்பது வருஷத்தில் கலைப்பொருளாகிவிட்டது.

லண்டனில் வேறு மாதிரி. அங்கே இடிப்பதை எதிர்த்தவர்கள் படமெடுத்தார்கள். செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் என்ற பழைய சத்திரம் இடிபடப்போகிறது என்று தெரிந்ததும், 1875-இல் பழைய லண்டனின் எச்சங்களைப் படமெடுப்பதற்கென்றே ஒரு சங்கம் கிளம்பியது. 1886 வரை 120 படங்கள் வெளியிட்டார்கள். சத்திரம் தப்பவில்லை.

இந்த வரிசையில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் யூஜீன் அட்ஜே. 1857-இல் பிறந்தவர். நாடக நடிகராக இருந்து, அது சரிப்படாமல் புகைப்படத்துக்கு வந்தார். 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள் போடும் மரக் காமிராவைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் பாரிஸ் தெருக்களில் அலைந்தார். அந்த நேரத்தில் ஜனம் இல்லை, பனி இருந்தது. மூட்டமும் காலித் தெருவும் சேர்ந்து வந்தது அப்படித்தான். தன்னைக் கலைஞன் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஓவியர்களுக்கு மாதிரிப் படங்களும், நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பழைய பாரிஸின் படங்களும் விற்றுப் பிழைத்தார். 1920-இல் 2,600-க்கு மேற்பட்ட நெகட்டிவ்களைப் பிரெஞ்சு அரசுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். 1926-இல் அதே தெருவில் குடியிருந்த மான் ரே அவருடைய ஒரு படத்தைச் சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகை அட்டையில் போட விரும்பியபோது, 'என் பெயர் போடவேண்டாம், இவை வெறும் ஆவணங்கள்' என்ற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டார். 1927-இல் இறந்தார். மிச்சமிருந்த படங்களைப் பெரெனிஸ் ஆபட் என்ற அமெரிக்கப் பெண் வாங்கிக் காப்பாற்றினார். 1930-இல் அட்ஜேயின் படங்கள் முதல் தடவையாகப் புத்தகமாயின. ஆளில்லாத அவருடைய தெருக்கள் கொலை நடந்த இடம்போல் இருக்கின்றன என்ற பேச்சை வால்டர் பெஞ்சமின் எடுத்து எழுத, அது உலகமெல்லாம் பரவிவிட்டது.

ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். அட்ஜே ஆட்களையும் எடுத்தார். குடை விற்பவர், கூடை விற்பவர், ரொட்டி சுமப்பவர், தெருப் பாடகர் என்று சில்லறைத் தொழில் செய்பவர்களை வரிசையாக எடுத்தார். கோட்டைச் சுவருக்கு வெளியே குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களின் குடிசைகளை எடுத்து 1913-இல் தனி ஆல்பமே கட்டினார். நம் தோழர்கள் கொண்டுவரும் புத்தகங்களில் இவர்களைத் தேடிப் பாருங்கள். ஒன்றிரண்டு இருக்கும். மிச்சமெல்லாம் படிக்கட்டு, நீரூற்று, மூடுபனியில் மரம். ஆளை விரட்டியது அட்ஜேயின் காமிரா இல்லை. படத்தைத் தேர்ந்தெடுத்த பதிப்பாசிரியரின் கை. எம்.ஏ. பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

இனி அந்த மூட்டத்துக்கு வருகிறேன். மூட்டத்தைப் புத்தகத்துக்குள் கொண்டுவர அச்சு ஒத்துழைக்கவேண்டும். நம் கல்லூரி ஆண்டு மலர்களில் படம் போட்ட விதம் நினைவிருக்கிறதா? பிளாக் எடுத்து அடித்த படம். கிட்டே போய்ப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். தூரப் போனால் முதல்வரும் உடற்பயிற்சி ஆசிரியரும் ஒரே ஜாடையில் இருப்பார்கள். பிளாக்கில் எல்லாப் புள்ளிக்கும் மையின் கனம் ஒன்றுதான். கிராவ்யூர் முறை நேர் எதிர். தாமிரத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, படம் பதிந்த ஜெலட்டின் படலத்தை அதன்மேல் பொருத்தி, அதன் வழியாக இரும்புக் குளோரைடால் தகட்டை அரிக்கச் செய்வார்கள். படத்தில் எங்கே இருட்டோ அங்கே பள்ளம் ஆழம். ஆழத்தில் மை அதிகம் நிற்கும். ஈரத் தாளை வைத்து அழுத்தினால் வெல்வெட் மாதிரிக் கறுப்பு வரும், சாம்பல் நிறம் படிப்படியாக இறங்கும். வேதியியல் தோழரிடம் இதைச் சொன்னபோது, "அட, இதுதானா உங்க மூட்டத்தோட ரகசியம்" என்றார். பாதி ரகசியம் இதுதான்.

ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்ற அமெரிக்கர் இந்த அச்சுக்காகவே லண்டனில் தன் வீட்டில் ஓர் அச்சு யந்திரம் வைத்துக்கொண்டார். 1909-இல் 'லண்டன்' என்ற புத்தகமும், 1910-இல் 'நியூயார்க்' என்ற புத்தகமும் கொண்டுவந்தார். லண்டன் புத்தகத்தில் 20 படங்கள்தான். ஆனால் நதி, பாலம், தேவாலயக் கவிகை எல்லாம் மூட்டத்தில் கரையும் அந்தப் பாணியைப் பிற்காலத்தில் எத்தனை பேர் காப்பி அடித்தார்கள் என்று கணக்கெடுக்க முடியாது.

மீதிப் பாதி ரகசியம் நிலக்கரி. லண்டன் மூட்டம் தேம்ஸ் நதிப் பனி மட்டும் அல்ல. லட்சக்கணக்கான வீட்டு அடுப்பும் தொழிற்சாலைக் கொதிகலனும் கக்கிய கந்தகப் புகை அதில் கலந்திருந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அது ஐந்து நாள் கலையாமல் உட்கார்ந்தது. அப்போது போட்ட கணக்கில் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர். பிற்காலத்து ஆய்வுகள் 12,000 வரை போகின்றன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் மெல்ல மெல்ல மூட்டம் குறைந்தது. படப் புத்தகத்தில் நாம் 'ஆஹா' என்று பார்க்கும் அந்தச் சாம்பல் நிறத்தை மூச்சாக இழுத்தவர்கள் இருந்தார்கள். கோபர்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தார். அது என்ன என்று கேட்கவேண்டியது படிக்கிற நம் வேலை.

1930-களில் நகரப் புத்தகத்துக்குள் மறுபடி ஆட்கள் வந்தார்கள், ராத்திரி வேளையில். டிரான்ஸில்வேனியாவின் பிராஷோ ஊர்க்காரரான ஜூலா ஹலாஸ், தன் ஊர்ப்பெயரையே புனைபெயராக்கி பிராஸாய் என்று வைத்துக்கொண்டார். பாரிஸ் ராத்திரிகளைச் சுற்றிச் சுற்றி எடுத்து, 1933-இல் 'பாரிஸ் தெ நுயி', அதாவது 'இரவில் பாரிஸ்' என்று வெளியிட்டார். ஓரத்தில் வெள்ளையே விடாமல் தாள் முழுக்கப் படம், சுருள் கம்பிக் கட்டு, கன்னங்கரேல் என்று கிராவ்யூர் அச்சு. எவ்வளவு நேரம் காமிராவைத் திறந்து வைப்பது என்பதற்கு அவர் கடிகாரம் பார்க்கவில்லையாம். சிகரெட் கணக்கு. கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் சின்ன சிகரெட், இருட்டு அதிகமானால் பெரியது. அது முடிந்ததும் மூடிவிடுவார்.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் தானாக நடந்து வந்தவர்கள் அல்லர். சில இடங்களில் நண்பர்களை நிற்கவைத்து எடுத்தார். லண்டனில் பில் பிராண்ட் 1938-இல் 'லண்டனில் ஓர் இரவு' போட்டபோது, தன் வீட்டாரையே பல பாத்திரங்களில் நடிக்கவைத்தார். அன்றைய தகட்டின் வேகத்துக்கு ராத்திரியில் வேறு வழியும் குறைவு. எனக்கு இதில் பெரிய கோபமில்லை. ஆனால் 'லண்டன் இரவு வாழ்க்கையின் நேர்ச் சாட்சி' என்று ஆய்வேட்டில் எழுதினால் வழிகாட்டி சிவப்பு மையால் அடித்துவிடுவார். பிராஸாய் உண்மையில் கண்ட விடுதிகள், தாசி வீடுகள், ரௌடிக் கும்பல் இவற்றில் பெரும்பகுதி 1933-இல் அச்சேற முடியவில்லை. அவை 1976-இல்தான் தனிப் புத்தகமாக வந்தன. அதுவரை நாற்பது வருஷத்துக்கு மேல் பாரிஸின் ராத்திரி என்றால் பாலமும் விளக்கும்தான்.

என்னைக் கேட்டால், இந்த அலமாரித் தட்டிலேயே உசத்தி யோசெஃப் சுடெக்தான். செக் நாட்டுக்காரர். 1896-இல் பிறந்தார். கற்ற தொழில் புத்தக பைண்டிங். முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் வலது கையைத் தோளோடு இழந்தார். ஒரு கையால் பைண்டிங் ஆகாது, காமிராவுக்கு வந்தார். ஒற்றைக் கையும், தேவைப்பட்டால் பல்லும்கொண்டு கனமான பழைய காமிராக்களை வைத்து ஐம்பது வருஷம் பிராக் நகரத்தை எடுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவர் கையில் கிடைத்தது ஒரு பழைய கோடக் பனோரமா காமிரா. லென்ஸ் அரைவட்டமாகத் திரும்பும். 10க்கு 30 சென்டிமீட்டரில் நீண்ட நெகட்டிவ் வரும். அதைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி, 1959-இல் 284 படங்கள்கொண்ட 'பிராக் பனோரமா' புத்தகத்தை வெளியிட்டார்.

எனக்கு ஏன் அது உசத்தி? பிராக் என்றால் எல்லோரும் சார்லஸ் பாலத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். சுடெக் பாலத்தையும் கோட்டையையும் எடுத்துவிட்டு அங்கேயே நிற்கவில்லை. நதியோடு போனார். ரயில் பாதை, புகைபோக்கி, ஊர்க் கோடியில் காய்கறிப் பாத்தி, பாதி கட்டிய வீடு, வெறும் மேடு என்று நகரம் கிராமமாகக் கரையும் இடம் வரைக்கும் போனார். அவர் படங்களிலும் ஆள் குறைவுதான். ஆனால் ஆள் செய்த வேலை எங்கும் தெரிகிறது. வேலி கட்டியிருக்கிறது, பாத்தி வெட்டியிருக்கிறது, கரி கொட்டியிருக்கிறது. எங்கள் சரித்திரப் பேராசிரியர் ஒருவர், நாங்கள் அரண்மனை வர்ணனையாகத் தேர்வில் எழுதித் தள்ளினால் சொல்வார்: "ராஜா எந்த அறையில படுத்தான்னு நாலு பக்கம் எழுதியிருக்கே. அந்த அறைக்குத் தண்ணி சுமந்தது யாருன்னு ஒரு வரி இல்லையேப்பா." சுடெக்கின் புத்தகம் அவருக்குப் பிடித்திருக்கும்.

இஸ்தான்புல்லின் ஆரா கூலர் இன்னும் ஒருபடி போனவர். 1928-இல் பிறந்த அர்மீனியர், பத்திரிகைப் புகைப்படக்காரர். கலைஞர் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வார். தன்னைக் காட்சிச் சரித்திரக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டார். 1950-களில் மெண்டரஸ் ஆட்சியில் அகல வீதிகளுக்காக இஸ்தான்புல்லில் ஆயிரக்கணக்கான கட்டிடங்கள் விழுந்தன. அதே காலத்தில் அவர் குதிரை வண்டிக்காரரையும் மீன்பிடிப் படகுக்காரரையும் எடுத்துக்கொண்டிருந்தார். ஹாகியா சோஃபியாவை எடுத்தாலும் தனக்கு முக்கியம் அதன் முன்னால் நடந்துபோகிறவன்தான் என்றவர். 'என் பெயர் சிவப்பு' நாவலைத் தமிழில் படித்தவர்களுக்கு ஓரான் பாமுக்கைத் தெரியும். அவர் 2003-இல் தன் ஊரைப் பற்றி எழுதிய 'இஸ்தான்புல்' புத்தகத்தில் கூலரின் படங்கள் நிறைய. பாமுக் அவற்றில் பார்த்தது ஒரு சாம்ராஜ்யம் போனபின் ஊர் முழுக்கப் படிந்த சோகத்தை. அது பாமுக்கின் சோகம்; படகுக்காரரின் முகத்தில் எனக்குத் தெரிவது மீன் விலையைப் பற்றிய கவலை. இரண்டும் ஒரே படத்தில் இருக்கிறது. கூலர் 2018-இல் காலமானார்.

"எல்லாம் சரிப்பா, நம்ம ஊரை இந்த மாதிரி யாரும் எடுக்கலையா?" என்று கேட்பீர்கள். எடுத்தார்கள். பாரிஸில் மார்வில் தெருக்களை எடுக்கத் தொடங்குமுன்பே மதுரையில் எடுத்தாயிற்று.

லின்னேயஸ் டிரைப் கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி. மதராஸ் சர்க்காரின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1858-இன் தொடக்க மாதங்களில் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்கள் யுத்தம் ஓயாத நேரம். அதே வருஷம் படங்கள் தொகுதிகளாக வந்தன. மதுரைக்கு மட்டும் நான்கு பாகம். கண்ணாடித் தகடு இல்லை, மெழுகு ஏற்றிய தாள் நெகட்டிவ். பதிய நேரம் பிடிக்கும். ஆகவே டகேரின் கதைதான். திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், கோபுரங்கள் எல்லாம் இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவுக்கு லட்சம் பேர் கூடும் ஊரில் ஜனம்தான் இல்லை. அந்தத் தாளில் வானம் வெள்ளையாக மொட்டையாகப் பதியும். டிரைப் நெகட்டிவ்மேல் தூரிகையால் வண்ணம் பூசி மேகம் சேர்த்தார். சில இடங்களில் மரத்துக்குத் தழையும். மதுரைக்கு மேல் நிற்கும் அந்த அழகான மேகங்களில் சில கையால் போட்டவை. மூட்டம் என்பது எப்படியெல்லாம் தயாராகிறது பாருங்கள்!

தொகுதியில் விளக்குத்தூணும் இருக்கிறது. நாம் பஸ் ஏறி இறங்கும் அதே விளக்குத்தூண். 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்னின் நினைவாக வைத்தது. மதுரையின் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர் அவர். வெளிவீதிகள் ஓடுவது அந்த இடத்தில்தான். பாரிஸில் காமிரா முன்னே போனது, கடப்பாரை பின்னே வந்தது. மதுரையில் கடப்பாரை முந்திவிட்டது. டிரைப் வந்தபோது படமெடுக்கக் கிடைத்தது இடித்தவருக்கு வைத்த தூண்.

தஞ்சையில் டிரைப் செய்த வேலை வேறு ரகம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மூட்டம் இல்லை, மேகம் இல்லை, வெறும் கல்லும் எழுத்தும். ஆளில்லாத படம்தான். ஆனால் அந்த அடித்தளத்தில் அரசன் கொடுத்தது, அக்காள் கொடுத்தது, தேவியர் கொடுத்தது என்று கல் பேசிக்கொண்டே போகிறது. படப் புத்தகக்காரர்கள் இந்த நீளப் படத்தை அதிகம் தொடுவதில்லை. தாளில் அடங்காது, ஏக்கமும் வராது. 1859-இல் கவர்னராக வந்த டிரெவெல்யன் இந்தப் புகைப்பட வேலையெல்லாம் சர்க்காருக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று முடிவு கட்டினார். 1860-இல் டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது. 2014, 2015-இல் அதே படங்களை வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய அருங்காட்சியகங்களில் மாட்டி வைத்தார்கள்.

டிரைப்பின் மதுரைப் படங்களில் எனக்கு மிகவும் வேண்டியது புது மண்டபத்தின் உள் நடை. இரண்டு பக்கமும் சிற்பத் தூண்கள், ஓரத்தில் வெளிச்சம், நடுவே ஆளே இல்லாத தரை. நாமெல்லாம் கண்ட புது மண்டபம் அது இல்லை. நாம் கண்டது தையல் மெஷின் சத்தம், தொங்கும் தாவணி, பித்தளைப் பாத்திரம், வளையல், கோலப் புத்தகம், பழைய பாடப் புத்தகம். தூணைப் பார்க்கத் துணியை விலக்கவேண்டும். 2020-களின் தொடக்கத்தில் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. இனி அங்கே காமிராவோடு போகிறவருக்குப் பகல் வேளையிலேயே டிரைப்பின் படம் கிடைக்கும். மெழுகுத் தாள் தேவையில்லை, நிமிஷக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நல்ல புத்தகமும் வரலாம். மூட்டத்தை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக்கொடுக்கிறது.

எம்.ஏ. பிள்ளைகள் யாராவது ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு யோசனை. டிரைப்பின் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போங்கள். வயதான தையற்காரர்களிடம் விரித்துக் காட்டி, யார் எந்தத் தூணடியில் மெஷின் போட்டிருந்தார்கள், அப்பா யார், வாடகை என்ன, பக்கத்துத் தூணில் யார் என்று கேட்டு, படத்தின் மேலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் போகாதீர்கள். அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்.